மாமியார் முட்டியும் மகன் வயிறும்: எந்தப் படகில் ஏறலாம்?

இந்த வாரம் வந்த கடிதங்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் கடல்தான். அரையாண்டு லீவு நெருங்குகிறது இல்லையா, அந்தமானுக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டு அதற்கப்புறம் யோசிக்க ஆரம்பித்தவர்கள் நிறைய பேர் போலிருக்கிறது. நீளமான ஒரு கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதைக் கடைசியில் பார்க்கலாம்.

கேள்வி: நான், கணவர், ஒன்பது வயது மகன், மாமியார், நாலு பேரும் டிசம்பர் கடைசி வாரம் அந்தமான் போகிறோம். போர்ட் பிளேர் வரை விமானம். அங்கிருந்து ஹாவ்லாக், அப்புறம் நீல் தீவு, திரும்ப போர்ட் பிளேர். தீவுக்குத் தீவு எந்தப் படகில் போவது என்றுதான் வீட்டில் சண்டை. கவர்மென்ட் போட் போதும், எதற்கு ஆயிரக்கணக்கில் கொட்டுவது என்கிறார் கணவர். போன வருஷம் போய்வந்த கொழுந்தனாரோ, கண்ணை மூடிக்கொண்டு பிரைவேட் போடுங்கள் அண்ணி, ஏசி, ஒன்றரை மணி நேரத்தில் இறக்கிவிடுவான் என்கிறார். மாமியாருக்கு மூட்டுவலி. மகன் ஏற்காடு மலை ஏறுவதற்குள் மூன்று முறை வாந்தி எடுப்பவன். நீங்கள் சொல்லுங்கள். (வாசகி, பெரம்பூர்)

பதில்: உங்கள் கணவர் பர்ஸைப் பார்க்கிறார், கொழுந்தனார் கடிகாரத்தைப் பார்க்கிறார். நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் மாமியார் முட்டியையும் மகன் வயிற்றையும். இதில் சிக்கல் என்னவென்றால் முட்டிக்கு ஒரு படகு நல்லது, வயிற்றுக்கு இன்னொரு படகு நல்லது.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். டிக்கெட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள். 2018 டிசம்பரில் ஹாவ்லாக்கை ஸ்வராஜ் தீப் என்றும் நீல் தீவை ஷஹீத் தீப் என்றும் மாற்றினார்கள், 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது. ஆட்டோக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னாலே போதும்.

அரசுப் படகு போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டி என்கிற படகுத்துறையிலிருந்து கிளம்பும். ஹாவ்லாக் போக ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், டிக்கெட் சில நூறு ரூபாய்தான். ஆனால் அது டூரிஸ்டுக்காக ஓடும் படகு இல்லை, தீவுக்காரர்களுக்கு அதுதான் டவுன் பஸ். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், காலேஜ் பிள்ளை, சந்தைக்குச் சரக்கு ஏற்றுகிறவர் என்று ஊரே அதில்தான் போகும். நீல் தீவு அந்தமானுக்கே காய்கறி விளைவிக்கிற தீவு. அங்கிருந்து நான் ஒருமுறை அரசுப் படகில் திரும்பியபோது, கால் வைக்கிற இடமெல்லாம் கத்திரிக்காய் மூட்டை, பீர்க்கங்காய்க் கூடை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளிப் பாட்டி (பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் குடும்பங்கள்தான் அந்தத் தீவுகளில் அதிகம்) மடியில் ஒரு பூசணிக்காயைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டே வந்தார், படகு எவ்வளவு ஆடினாலும் பூசணி அசையவில்லை. எனக்கு அந்தப் பயணம் பிடித்திருந்தது. உங்கள் மாமியாருக்குப் பிடிக்குமா என்பது வேறு.

பிடிக்காமல் போகக் காரணம், படிகள். அரசுப் படகுகள் பலவற்றில் இருக்கைகள் கீழ்த்தளத்தில், அங்கே இறங்கும் படி செங்குத்தாக இருக்கும், கழிவறைக்குப் போகவும் ஏறி இறங்க வேண்டும். டிக்கெட் கிடைப்பதும் சுலபமில்லை, பயணத்துக்குச் சில நாள் முன்னால்தான் விற்பனை திறக்கும், உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை, டிசம்பர் கடைசி வாரம் என்றால் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். ஹோட்டலுக்கு முழுப்பணம் கட்டிவிட்டுப் படகு டிக்கெட்டுக்காகக் கவுன்ட்டரில் நிற்கிற நிலைமை நாலு பேர் குடும்பத்துக்கு வேண்டாம் என்பேன்.

இனி தனியார் படகு. மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் என்று சில கம்பெனிகள் ஓட்டுகின்றன, ஹாடோ துறையிலிருந்து கிளம்பும். வேகமான படகுகளில் ஹாவ்லாக் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து நீல் முக்கால் மணி முதல் ஒரு மணி, நீலிலிருந்து போர்ட் பிளேர் ஒன்றரை மணிக்குள். வேகப் படகுகளில் பல, அடியில் இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் வகை. பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான், காசிமேட்டில் நின்று பார்த்தால் அந்த உறவு சத்தியமாகத் தெரியாது. இரண்டு உடல் இருப்பதால் பக்கவாட்டில் அதிகம் சாயாது, ஏறுவதும் உட்காருவதும் வயசானவர்களுக்குச் சுலபம், விமானம் மாதிரி வரிசையாகச் சீட்டு, எண் போட்டுத் தருவார்கள்.

ஆனால் கண்ணாடி எல்லாம் மூடியிருக்கும், ஏசி. பெரும்பாலானவற்றில் ஓடும்போது வெளியே போய் நிற்க விடமாட்டார்கள். இங்கேதான் உங்கள் மகன் மாட்டிக்கொள்வான். சீக்கிரம் போய்விட்டால் வாந்தி வராது என்று உங்கள் கொழுந்தனார் நினைக்கிறார், பாதிதான் சரி. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்று மூளைக்குச் சொல்கிறது, எதிர்ச் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் "சும்மாதான் இருக்கிறோம்" என்று சொல்கிறது, இந்த இரண்டு பேர் சண்டையில்தான் குமட்டல் வருகிறது. திறந்த தளத்தில் காற்று முகத்தில் அடிக்க, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றால் சண்டை அடங்கிவிடும். மூடிய படகில் செல்போனில் கேம் விளையாடிக்கொண்டு போனால், ஒன்றரை மணி நேரத்தில் அரை மணி போதும், கவர் கேட்பான்.

அதனால் நீங்கள் சீட்டில் கவனம் வையுங்கள். கீழ்த்தளம், படகின் நடுவிலிருந்து சற்றுப் பின்பக்கம், ஜன்னலோரம். படகில் ஆட்டம் குறைவான இடம் அதுதான். முன்வரிசையில் கண்ணாடி பெரிசாக இருக்கும், படம் எடுக்க நன்றாக இருக்கும், ஒவ்வொரு அலைக்கும் அந்த இடம்தான் முதலில் தூக்கிப் போடும். இன்னொன்று, பல படகுகளில் விலை கூடின வகுப்பு மேல்தளத்தில் இருக்கும். உயரம் போகப்போக ஊசலாட்டம் அதிகம், அதாவது கூடுதல் காசு கொடுத்துக் கூடுதலாக ஆடுகிறோம். சோபா மாதிரி சீட்டு, கூடவே ஜூஸ் கொடுப்பார்கள் என்று ஏஜென்ட் சொன்னால், ஜூஸ் வயிற்றில் தங்கினால்தானே என்று கேளுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் நம்மவர்கள் இரண்டு தப்புப் பண்ணுவார்கள். ஒன்று, வாந்தி வருமே என்று வெறும் வயிற்றோடு ஏற்றுவது. இன்னொன்று, ஹோட்டல் பஃபே காசு வீணாகக் கூடாது என்று பூரி கிழங்கு ஊட்டி ஏற்றுவது. இரண்டு இட்லி, சட்னி இல்லாமல், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். மாத்திரை கொடுப்பதாக இருந்தால் இங்கேயே உங்கள் குழந்தை மருத்துவரிடம் எடைக்குத் தக்க அளவு கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், படகு ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், வாந்தி ஆரம்பித்த பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். கையில் கொஞ்சம் இஞ்சி மொரப்பா இருக்கட்டும், மாமியாருக்கும் ஆகும்.

மாமியார் விஷயத்தில் இன்னொன்று. படகுக்குள் கஷ்டம் குறைவு, ஜெட்டியில்தான் அதிகம். கடல் ஏற்றத்தில் இருந்தால் படகு ஜெட்டி மட்டத்துக்கு வந்து நிற்கும், வற்றத்தில் கீழே இறங்கி நிற்கும், நடுவில் போட்டிருக்கும் பலகை அப்போது சாய்வாகிவிடும். கைப்பிடிக்க ஆள் இருப்பார்கள், வெட்கப்படாமல் கையை நீட்டச் சொல்லுங்கள். பட்டுப்புடவை வேண்டாம், வழுக்காத செருப்பு போதும். பெட்டியை நீங்களே பார்த்துக்கொண்டு, அவரைக் கடைசியில் நிதானமாக இறங்கச் சொல்லுங்கள், எல்லோரும் முட்டி மோதி இறங்குவார்கள், மூன்று நிமிஷம் உட்கார்ந்திருந்தால் வழி காலியாகிவிடும்.

சரி, காசுக் கணக்கு. ஆளுக்கு மூன்று பயணம், நாலு பேருக்குப் பன்னிரண்டு டிக்கெட். தனியாரில் ஒரு டிக்கெட் ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆரம்பித்து வகுப்பைப் பொறுத்து இரண்டாயிரத்தைத் தாண்டும், ஆக உங்கள் கணவர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் போர்ட் பிளேர் – ஹாவ்லாக், நீல் – போர்ட் பிளேர் ஆகிய இரண்டு நீளப் பயணத்தையும் தனியாரில், இருப்பதிலேயே விலை குறைந்த கீழ்த்தள வகுப்பில், காலைப் படகில் இப்போதே போட்டுவிடுவேன். காலை என்று சொல்வது சும்மா இல்லை, பொதுவாக மதியத்துக்கு மேல் காற்று ஏறும், அலையும் கூடும். நடுவில் இருக்கும் ஹாவ்லாக் – நீல் பயணத்துக்கு அரசுப் படகு டிக்கெட் கிடைத்தால் எடுங்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான், மாமியாரை முதலில் கிடைக்கிற சீட்டில் உட்கார வைத்துவிட்டு மகனோடு மேல்தளத்தில் நில்லுங்கள். கணவருக்கும் கொஞ்சம் மிச்சம் பிடித்த திருப்தி. கிடைக்கவில்லையா, அதையும் தனியாரில் போட்டுவிட்டு அவரிடம் அப்புறம் சொல்லுங்கள்.

கிரீன் ஓஷன் மாதிரி சற்று மெதுவாகப் போகும் படகில் மேல்தளத்தில் போய் நிற்க விடுவது உண்டு. மகனுக்காக அதைக் கேட்டுப் பார்க்கலாம், அரை மணி கூடுதலாகும். டிக்கெட் போடும்போதே அந்தக் குறிப்பிட்ட படகில் விடுவார்களா என்று கேட்டுவிடுங்கள்.

ஃபீனிக்ஸ் பே வேறு, ஹாடோ வேறு என்று மேலே எழுதியிருக்கிறேன் பாருங்கள், அதை என் தலையெழுத்தாகவே படித்துக்கொள்ளலாம். கையில் தனியார் டிக்கெட்டை வைத்துக்கொண்டு நான் போய் நின்றது ஃபீனிக்ஸ் பேயில். ஜெட்டி என்றேன், ஆட்டோ அங்கேதான் விட்டது. அடையாள அட்டை காட்டி வரிசையில் நின்று, என் முறை வந்தபோது டிக்கெட்டைப் பார்த்தவர் சிரித்தே விட்டார். வாசலில் நின்ற இன்னொரு ஆட்டோக்காரர் பரமக்குடிப் பக்கத்துக்காரர், "ஏறுங்கண்ணே, பாத்துக்கலாம்" என்று ஒரு சந்து வழியாக ஓட்டி, கதவு மூட எட்டு நிமிஷம் இருக்கும்போது ஹாடோவில் இறக்கினார். போர்ட் பிளேரில் தமிழ் பேசித் தப்பித்துக்கொள்ளலாம், அவ்வளவு பேர் நம்மவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள், நாலு பேருக்கும் அசல் அடையாள அட்டை, பையனுடைய ஆதார் உட்பட.

கடைசியாக, இது எல்லாவற்றையும் விட முக்கியம். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின ராத்திரி போர்ட் பிளேரில்தான் தூங்க வேண்டும். காலையில் நீலிலிருந்து படகு, மதியம் விமானம் என்று ஏஜென்ட் போட்டுக் கொடுத்தால் மாற்றச் சொல்லுங்கள். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் அந்தமான் பக்கம் உருவான தாழ்வு மண்டலத்தால் படகெல்லாம் நின்று, ஹாவ்லாக்கிலும் நீலிலும் சிக்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகளைக் கடற்படைக் கப்பல்கள் போய் ஏற்றிவந்தன. அந்தத் தாழ்வு மண்டலம் அதோடு நிற்கவில்லை, வலுத்து நகர்ந்து 12ஆம் தேதி நம் ஊர் மரங்களை எல்லாம் சாய்த்ததே, அதே வர்தா புயல்தான். டிசம்பர் கடைசியில் பெரும்பாலும் கடல் அடங்கியிருக்கும், ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இன்னும் நல்லது. இருந்தாலும் வடகிழக்குப் பருவமழையின் வால் எப்போது ஆடும் என்று சொல்ல முடியாது. போய் இறங்கும் முதல் நாளும் அப்படித்தான், விமானம் இறங்கியவுடனே படகைப் பிடிக்க ஓடாதீர்கள், அன்று செல்லுலார் சிறையைப் பாருங்கள். அங்கே குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்ட ஆரம்பித்துவிடும், நம் கடிகாரம்தான், சூரியன் வேறு. சாயங்காலம் சுற்றலாம் என்று திட்டம் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

கேள்வி: வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். அவசரமே இல்லை. சென்னையிலிருந்தே கப்பலில் அந்தமான் போக வேண்டும் என்று நாற்பது வருட ஆசை. போகலாமா? (அம்பத்தூர்)

பதில்: போகலாம் சார், அவசரமில்லாதவர்களுக்கென்றே இருக்கிற வழி அது. விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும் தூரத்தை, ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர், கப்பல் இரண்டரை மூன்று நாளில் கடக்கும். தினமும் கப்பல் கிடையாது, மாதத்தில் சில தடவைதான், தேதியும் முன்னே பின்னே நகரும். அதனால் கப்பல் தேதி உறுதியாகிக் கிளம்பும் வரை அங்கே ஹோட்டலுக்கு முன்பணம் கட்டாதீர்கள். திரும்பி வர விமானம் போதும், இரண்டாவது முறையும் கப்பல் என்று யாரும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

வகுப்பு பற்றி ஒன்று. பங்க் வகுப்பு மலிவு, பெரிய கூடத்தில் மேலும் கீழுமாகக் கட்டில். இளவட்டங்கள் சீட்டு ஆடிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள், நானும் ஒருகாலத்தில் அப்படிப் போனவன்தான். உங்கள் வயசுக்கு கேபின் எடுங்கள். முதல் நாள் எல்லோரும் டெக்கில் நின்று சென்னை மறைவதைப் பார்ப்பார்கள், கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னல் போய்விடும், இரண்டாம் நாள் சுற்றிலும் ஒரே நீலம், கரை இல்லை, காக்கா இல்லை, பாதிப் பேர் படுத்துவிடுவார்கள். அன்றைக்கு மதியம் டெக்கின் நிழல் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பாருங்கள். கப்பல் கிழித்துக்கொண்டு போகும் இடத்திலிருந்து பறவைக்கோலா மீன் கூட்டமாகக் கிளம்பி, விசிறின சோழி மாதிரிப் பறந்துபோய் விழும். ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஊறுகாயும் எடுத்துக்கொள்ளுங்கள், கப்பல் கேன்டீன் சாம்பாரைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

கேள்வி: நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் விட்டிருக்கிறார்களே, விமானத்தை விட அது நல்லதா? (கல்லூரி மாணவர், தாம்பரம்)

பதில்: கப்பல் போவது யாழ்ப்பாணம் டவுனுக்கு இல்லை, காங்கேசன்துறைக்கு. அங்கிருந்து பஸ்ஸிலோ ஆட்டோவிலோ யாழ்ப்பாணம் போக இருபது கிலோமீட்டருக்குள். 2023 அக்டோபர் 14இல் ஆரம்பித்து, சில நாளிலேயே பருவமழைக்காக நிறுத்தி, 2024 ஆகஸ்ட் 16இல் "சிவகங்கை" என்ற கப்பலோடு மறுபடி விட்டார்கள். கடலில் நாலு மணி நேரம். சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் நாகப்பட்டினம், காலையில் பாஸ்போர்ட், சுங்கம் எல்லாம் முடித்து ஏற வேண்டும், ஆக மொத்தத்தில் ஒரு முழு நாள். சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேர் விமானம் உண்டு, நேரம் மிச்சம் என்று பார்த்தால் அதுதான்.

அப்படியும் ஒருமுறையாவது கப்பலில் போ தம்பி. உன் தாத்தா காலத்தில் எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் பிடித்துத் தலைமன்னார், அங்கிருந்து ரயிலில் கொழும்பு என்று போவார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது, பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கொஞ்ச காலம் ஓடி, இலங்கையில் போர் வந்து எண்பதுகளில் அதுவும் நின்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் இந்தத் திட்டம் போடாதே, அந்த மாதங்களில் கடல் விடுமா என்று காலையில் எழுந்துதான் தெரியும். போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொண்டால் வகுப்பைக் கட் அடிப்பதும் குறையும். இலங்கைக்கான மின்னணு அனுமதியை முன்பே எடுத்துவிடு.

கேள்வி: ஹாவ்லாக்கில் எலிஃபன்ட் பீச்சுக்கு ஸ்பீடு போட்டா, நடையா? (வேளச்சேரி)

பதில்: முதுகு வலி இருந்தால் நடை, காட்டுப் பாதையில் முக்கால் மணி நேரம் போல ஆகும், மழை பெய்திருந்தால் சேறு. முதுகு நன்றாக இருந்தால் ஸ்பீடு போட், ஆனால் முன்னால் உட்காராதீர்கள், அலை மேல் விழும் ஒவ்வொரு தடவையும் முதுகெலும்பு எண்ணிக் காட்டும். லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் மாட்டினால் மட்டும் போதாது, நெஞ்சில் இருக்கும் கிளிப்பையும் மாட்டுங்கள். போனை பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டு ஏறுங்கள், செல்ஃபியைக் கரையில் இறங்கி எடுத்துக்கொள்ளலாம்.